கணுக்கால் கருவி சொன்னதும் ஆண்டவர் காட்டியதும்

போன வருடம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் கணவரின் காரைப் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. பின் இருக்கையில் எங்கள் நான்கு வயது மகள் நிஷா இருந்தாள். காப்பகத்திலிருந்து அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மதியம் அலுவலகத்தில் யாருக்கோ பிரிவு உபசார விருந்து. அங்கே குடித்திருந்தார். கொஞ்சம் அல்ல, நிறைய.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறேன். போன் வந்ததும் பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நிஷா நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் போலீஸின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா ஊதினாங்க. பலூனே வரல்ல" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். என் கணவர் போலீஸ் வண்டிக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

இது இரண்டாவது முறை. முதல் முறை எங்கள் திருமணத்துக்கு முன்பு. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியை மறைத்துச் சாட்சி சொன்னால் அது சாட்சி ஆகாது.

அவர் குடிப்பது எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல மனைவியின் வேலை என்று நினைத்திருந்தேன். ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும்போது வாடை மறைய அவர் சட்டைப்பையில் ஏலக்காய் போட்டுக் கொடுத்தவள் நான்.

வக்கீல் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டாவது முறை, அளவு அதிகம், வண்டியில் குழந்தை. சிறைக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு. நாங்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பது அவருடைய வேலை விசாவில். நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம். அவர் சிறைக்குப் போனால் வேலை போகும், விசா போகும். நானும் நிஷாவும் நாகர்கோவிலுக்குத் திரும்ப வேண்டும். அங்கே என்ன சொல்வது? எத்தனை நாள் சொல்லாமல் இருப்பது? அந்த வாரங்களில் சோறு வடிக்கும்போதுகூட இதே கணக்குத்தான் மனதுக்குள்.

நீதிபதி தண்டனையை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார். அதுவரை என் கணவர் ஒரு துளி மதுவும் தொடக்கூடாது. கார் ஓட்டக்கூடாது. குடிக்கிறாரா இல்லையா என்று கண்காணிக்கும் கருவியைக் கணுக்காலில் கட்டியிருக்க வேண்டும். தவறினால், மறுமுறை கோர்ட்டுக்கு வரும்போது, அங்கிருந்தே சிறைக்குப் போக மாற்று உடையும் எடுத்து வரலாம் என்று வக்கீல் சொன்னார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அந்தக் கருவி கறுப்பாக, ஒரு சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்ற முடியாது. அரை மணிக்கு ஒருமுறை காலின் வியர்வையைச் சோதித்து, அதில் மது இருந்தால் குறித்துக்கொள்ளும். தினமும் ஒருமுறை அந்தக் குறிப்புகளைத் தானே அனுப்பிவிடும். நிஷா அதற்கு 'அப்பா கொலுசு' என்று பெயர் வைத்து, அதன்மேல் ஒரு மயில் ஸ்டிக்கரும் ஒட்டினாள். அவர் அதைப் பிய்க்கவில்லை.

மாட்டிவிட்ட அன்று, வீட்டில் எதெல்லாம் இருக்கக்கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நான் அதை நான்கு முறை படித்தேன். வாய் கொப்பளிக்கும் மருந்து, வாசனைத் திரவியம், கை சுத்தம் செய்யும் ஜெல், சவரத்துக்குப் பின் பூசும் லோஷன் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வெளியே போட்டேன். கேக்குக்குப் போடும் வெனிலா எசென்ஸையும் வினிகரையும்கூடப் போட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கேக் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் ரஜனி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், நம் ஜெபக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தவர், அதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளை, வினாகிரியையும் எறிஞ்சு போட்டீங்களே? அவர் ஊறுகாய் குடிச்சு வெறிக்கப் போறாரோ?"

அவர் உண்மையாகவே குடிக்கவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி. முதல் மாதம் கை நடுங்கியது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். பிறகு மெல்ல மெல்ல மாறினார். செவ்வாய்க்கிழமைகளில் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்கு ரயிலில் போய் வந்தார். நிஷாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையை வாங்குவதுபோல் வாங்கி முகர்ந்து பார்ப்பேன். காலில் ஒரு கருவி, வாசலில் நான். அவருக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை கண்காணிப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயது ஆஸ்திரேலியப் பெண்மணி. கத்திப் பேசாதவர். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி அளவில் கருவியில் மது பதிவாகியிருக்கிறது என்றார். என் கணவரை ஊதச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமை குடித்தது திங்கட்கிழமை ஊதினால் தெரியாதே. பதிவை நிபுணர்கள் பார்க்கிறார்கள், வெள்ளிக்கிழமை தன் அறிக்கை கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

"நான் குடிக்கல்ல" என்றார் என் கணவர். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

சனிக்கிழமை மூன்று மணி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் நிஷாவை ஆபர்னுக்கு நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போனேன். அவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆக, நான் வாசல் தாண்டியதும் எழுந்திருக்கிறார். எங்கேயோ ஒளித்து வைத்ததை எடுத்திருக்கிறார். என் மனது ஒரே நொடியில் முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டது.

அதிகாரி சமையலறைக்கு வந்து என்னிடம் தனியாகக் கேட்டார். "அவர் குடித்திருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?"

பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஏலக்காய்க் காலத்துப் பொய்கள் எல்லாம் போதும் என்று தோன்றியது. "இருக்கலாம்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது.

அதிகாரி போனபிறகு அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "நீயும் நம்பல்ல, இல்லியா ஷீபா?" என்று மட்டும் கேட்டார். நான் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் நிஷாவைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். மெத்தைக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில், நிஷாவின் பொம்மைப் பெட்டியில்கூடத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்கு அவர்மேல்தான் கோபம். எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறார்!

அன்றும் மறுநாளும் நான் செய்த ஜெபத்தை அப்படியே சொல்கிறேன். அழகான ஜெபம் அல்ல. "ஆண்டவரே, அந்தக் குப்பி எங்கே இருக்குன்னு எனக்குக் காட்டும். எனக்கு உண்மை தெரியணும். தெரிஞ்சு என் குடும்பம் உடைஞ்சாலும் பரவாயில்லை." உடைந்தாலும் பரவாயில்லை என்று வாய் சொன்னது. மனது அப்படிச் சொல்லவில்லை. புதன்கிழமை ரஜனி அக்காவிடம் அழுதேன். அவர் என்னோடு முழங்காலில் நின்று இதே விண்ணப்பத்தை அவர் பாஷையில் கேட்டார். "ஆண்டவரே, ஒளிச்சிருக்கிறதை வெளியில கொண்டு வாரும். ஆர் ஒளிச்சதெண்டாலும் சரி." 'ஆர் ஒளிச்சதெண்டாலும்' என்று அவர் ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாதாம். பிறகு கேட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் நிஷா வாசல் படியில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் வழக்கம்போல் மருந்து டப்பாவிலிருந்து சாமந்திப்பூ மருந்தை எடுத்தேன். என் அம்மா ஊரில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் வாங்கி அனுப்புவது. சின்னப் பழுப்புக் குப்பி. சிராய்ப்பு, அரிப்பு, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான். பஞ்சில் நனைத்து முழங்காலில் வைத்தேன்.

"எரியுது! ஊதும்மா, ஊது!" என்று கத்தினாள்.

குனிந்து ஊதினேன். மூச்சை உள்ளே இழுத்தபோது அந்த வாடை வந்தது. எத்தனையோ வருடமாகப் பழகிய மருந்து வாடைதான். ஆனால் மூன்று மாதமாகச் சட்டையை முகர்ந்து முகர்ந்து என் மூக்கு ஒரே ஒரு வாடைக்காகக் காத்திருந்தது. அந்த வாடை என் கையில் இருந்த பஞ்சிலிருந்து வந்தது.

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எறும்பு மாதிரிச் சின்ன எழுத்து. ஆல்கஹால். பூச்சாறு கொஞ்சம்தான், மீதி முழுக்க அதுதான்.

சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. கருவியின் பட்டைக்கு அடியில் அவருக்குத் தோல் தடித்துச் சிவந்திருந்தது. தூக்கத்திலும் சொறிந்துகொண்டிருந்தார். அந்தக் கருவியின் பக்கத்தில் எதையும் கொண்டுபோக அவருக்குப் பயம். விழித்திருந்தால் விடமாட்டார். அதனால் அவர் தூங்கும்போதே காது குடையும் பஞ்சுக்குச்சியில் மருந்தைத் தோய்த்து, பட்டைக்கு அடியில் விட்டுச் சுற்றித் தடவிவிட்டு, நிஷாவைக் கூட்டிக்கொண்டு நீச்சலுக்குப் போனேன். அந்தத் தாளில் கிரீம் தடவக்கூடாது என்று போட்டிருந்தது. இது கிரீம் இல்லையே என்று நினைத்தேன். நான்கு முறை படித்தவள் நான். வெனிலா எசென்ஸைத் தூக்கி எறிந்தவள் நான்.

ஒளித்து வைத்த குப்பியைக் காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார். அது என்னுடைய குப்பி.

அப்போது நான் சந்தோஷத்தில் துள்ளினேன் என்று நினைக்காதீர்கள். பயந்தேன். கருவியில் கை வைத்தால் அதுவே குற்றம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இனி நான் போய்ச் சொன்னால் நம்புவார்களா? புருஷனைக் காப்பாற்ற மனைவி கட்டிய கதை என்றுதானே நினைப்பார்கள்? திங்கட்கிழமை 'இருக்கலாம்' என்று சொன்னவளும் இவள்தானே? என்மேல் வழக்கு வந்தால் நிஷாவை யார் பார்ப்பார்கள்? குப்பியைத் திறந்து கழுவுதொட்டிக்கு மேலே பிடித்தேன். ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உண்மையாகவே அப்படிப் பிடித்தேன். இன்னொரு கையால் ரஜனி அக்காவுக்குப் போன் போட்டு, குப்பி கிடைத்துவிட்டது, ஊற்றிவிடப் போகிறேன் என்றேன்.

"ஊத்திப் போடாதேங்கோ! உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினார். "மூடுங்கோ. மூடிப் போட்டுக் கதையுங்கோ."

மூடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் அந்த மனுசன் சொன்னது உண்மை" என்றார்.

"ஆமா அக்கா."

"அவருக்குச் சொல்லிட்டீங்களே?"

"இல்ல."

"அப்ப என்னோட என்ன கதை? போனை வையுங்கோ. நாளைக்கு ஒஃபிசுக்கு நான் காரில ஏத்திக்கொண்டு போறன். போத்தல் பத்திரம்."

போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலையில் நிஷாவைக் கூட்டிக்கொண்டு லிட்கம் ஸ்டேஷனுக்குப் போய், அவர் வரும் ரயிலுக்காக நின்றேன். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. போலீஸ் வந்திருக்கிறது என்று நினைத்தாராம். பெஞ்சில் உட்கார வைத்து, குப்பியை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பாதி அழுகை.

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்பம் நான் வாயால குடிக்கல்ல. காலால குடிச்சிருக்கேன்."

"என்னங்க..."

"மூணு மாசம் ஒருத்தன் ஒரு சொட்டு தொடாம இருந்தா, பெண்டாட்டி அவன் தூங்கும்போ காலுல ஊத்திக் குடுத்திருக்கா." சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிஷா அவர் மடியில் ஏறி, "அப்பா, மருந்து எரியுதா?" என்று கேட்டாள்.

"நான் உங்கள நம்பல்ல. மன்னிச்சிருங்க" என்றேன்.

"நம்புற மாதிரி நான் எப்போ நடந்தேன்?" என்றார். பிறகு, "ஆனா வலிச்சுது ஷீபா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நிஷாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, ரஜனி அக்காவோடு மூவராக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரியிடம் சொல்லத் தொடங்கியதும் என் ஆங்கிலம் எல்லாம் காணாமல் போய்விட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன். தாளைப் படித்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேன், அவருக்குத் தெரியாமல் தடவினேன், திங்கட்கிழமை நான் சொன்னது வெறும் சந்தேகம், இது உண்மை. அதிகாரி குப்பியை வாங்கி எழுத்தைப் படித்தார், முகர்ந்தார், மூக்கைச் சுருக்கினார். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

அதில் ஒரு கோடு. சமமாகப் போய்க்கொண்டிருந்தது சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊசி மாதிரி எழும்பி, அதே வேகத்தில் விழுந்துவிட்டது. மனிதர் குடித்தால் கோடு இப்படி இராது என்றார். மெல்ல ஏறி, மெல்ல இறங்கும், பல மணி நேரம் ஆகும். இது வெளியிலிருந்து பட்டதுபோல் இருக்கிறது என்று நிபுணர்கள் முந்தின நாளே எழுதியிருந்தார்களாம். ஆனால் என்ன பட்டது, யார் செய்தது, வேண்டுமென்றே கருவியைக் கெடுக்கப் பார்த்தாரா என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

"என் அறிக்கையில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது" என்றார் அதிகாரி. நான் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனிமேல் என் கணவர் காலில் தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது என்று என்னைக் கண்டித்தார். நியாயமான கண்டிப்பு. என்மேல் வழக்கு எதுவும் இல்லை. மீறல் நடக்கவில்லை என்றே அறிக்கை போனது.

வெளியே வந்ததும் ரஜனி அக்கா காரிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரையும் விட்டுட்டினமோ? நான் பிள்ளையை வளர்க்கிறதுக்கு ஆயத்தமாயிட்டன்" என்றார். நாங்கள் மூவரும் அந்தத் தெருவிலேயே நின்று ஜெபித்தோம்.

அந்தக் கோடு நான் ஜெபிப்பதற்கு முன்பே அங்கே இருந்தது என்று சிலர் சொல்லலாம். நானும் அதை யோசித்தேன். நான் எதையும் யோசிக்காமல் விடுபவள் அல்ல. கோட்டை என் ஜெபம் வரையவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை நிரப்ப வேண்டியவள் நான். என் கண் திறக்காவிட்டால், என் வாய் திறக்காவிட்டால், அந்த இடத்தில் என் 'இருக்கலாம்' தான் உட்கார்ந்திருக்கும். அதைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சிறை இல்லை. மேற்பார்வையில் இருக்க வேண்டும், சிகிச்சைக் கூட்டங்களுக்குப் போக வேண்டும், இன்னும் பல மாதம் கார் ஓட்டக்கூடாது. அதன்பிறகும், ஊதி மது இல்லையென்று காட்டினால்தான் வண்டியைக் கிளம்ப விடும் கருவியைக் காரில் பொருத்த வேண்டும். நீதிபதி சொல்லி முடித்தபோது என் கணவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சு விட்டேன். அக்டோபரிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. விசா முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருப்போம். முன்புபோல் நடுங்கிக்கொண்டு அல்ல.

அவர் இன்றுவரை குடிக்கவில்லை. இதை நான் காவல்காரியாகச் சொல்லவில்லை. அவர் சட்டையை நான் இப்போது முகர்வதில்லை. முதலில் கஷ்டமாக இருந்தது. கை தானாகவே நீளும். மடக்கிக்கொள்வேன். அவர் விழுந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்வார், நானும் மறைக்காமல் உதவி கேட்பேன் என்று பேசிக்கொண்டோம். அதுதான் எங்கள் வீட்டில் நடந்த பெரிய மாற்றம்.

நம் கூட்டத்தில் வெளியே சொல்ல முடியாத பாரத்தோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் இருக்கிறீர்கள். நான் உங்கள் நடுவில் அப்படித்தான் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். தயவுசெய்து ஒருவரிடமாவது சொல்லுங்கள். உண்மையைக் காட்டும் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் உங்கள் பக்கம் விரல் நீட்டி வந்தாலும் பயப்படாதீர்கள். அவர் காட்டுவது நம்மை வெட்கப்படுத்த அல்ல, வீட்டைக் காப்பாற்ற. எனக்கு அப்படித்தான் செய்தார்.

எனக்கு நின்று பேச வராது. அதனால்தான் எழுதினேன். ரஜனி அக்காவை வாசிக்கச் சொல்லலாம் என்று நினைத்து, முதலில் என் கணவரிடம் காட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார். "ரெண்டாவது முறைன்னும் எழுதியிருக்கே, பிள்ள வண்டியில இருந்ததையும் எழுதியிருக்கே" என்றார். வேண்டாமென்றால் அடித்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், இருக்கட்டும். தா, நானே வாசிக்கேன்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் முன் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.